எலக்ட்ரிக் கார் இப்ப எடுக்கலாமா? அரசு குடுக்குற சலுகை நமக்கா, கம்பெனிக்கா?

மேலூர்க்காரன்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பெரிய போஸ்ட், பொறுத்துக்கங்க. நமக்கு ஊரு மேலூர், வேலை மதுரைக்குள்ள. போக வர தினமும் 60 கிலோமீட்டர் வந்துரும். இப்ப வச்சிருக்கது 2013 மாடல் பெட்ரோல் கார், டிராபிக்ல லிட்டருக்கு 15 தாண்ட மாட்டேங்குது, மாசம் பெட்ரோலுக்கு மட்டும் பத்தாயிரம் போகுது, அதுபோக கிளட்ச் போச்சு ஏசி கம்ப்ரஸர் போச்சுனு வருஷா வருஷம் ஒரு தெண்டம். 2025 தீபாவளிக்கு வந்த மச்சான் "எலக்ட்ரிக் எடுங்க மாப்ள, டிசம்பர் 31க்குள்ள எடுத்தா ரோடு டாக்ஸ் கிடையாது, அதுக்கப்புறம் நீட்டிப்பாங்களா மாட்டாங்களானு யாருக்குத் தெரியும்"னு ஏத்திவிட்டுட்டு ஊருக்குப் போயிட்டாரு. அன்னைலேருந்து தூக்கம் இல்ல.

வீட்டுல கார் நிறுத்த போர்டிகோ இருக்கு, சொந்த வீடு. பட்ஜெட் இழுத்துப் பிடிச்சா 14 லட்சம். வருஷத்துக்கு ரெண்டு தடவை சென்னை, ஒரு தடவை திருச்செந்தூர், அவ்ளோதான் லாங்.

ரெண்டாவது கேள்வி எங்க அப்பாவோடது. அவரு மின்வாரியத்துல லைன்மேனா இருந்து ரிட்டயர் ஆனவரு. பேச்செடுத்ததும் "கரண்ட் பில்லை யாரு கட்டுறது"னு ஆரம்பிச்சாரு, அங்கருந்து நூல் பிடிச்சுப் போயி "இந்தக் கம்பெனிக்கு இத்தனை ஏக்கரு, அந்தக் கம்பெனிக்கு அத்தனை கோடினு பேப்பர்ல போட்டிருக்கான், நெல்லுக்கு வெலை கேட்டா மட்டும் கஜானா காலிங்குறான், கார் பண்றவனுக்கு எங்கருந்துடா வருது"னு நிறுத்திட்டாரு. எனக்குப் பதில் வரல. நிஜமாவே இந்தச் சலுகை வாங்குற நமக்கு வருதா, இல்ல கம்பெனிக்காரன் பைக்குள்ள போகுதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. கட்சிப் பேரை மட்டும் இழுக்காதீங்க ப்ளீஸ், போன வாட்டி மாதிரி மாடரேட்டர் பூட்டிருவாரு.


கோவைக்கணக்கு

மொதல்ல உங்க கணக்கைப் போட்டுருவோமுங்க, அப்பாவோட கேள்விக்கு அப்புறம் வரேன்.

மாசம் 1,500 கிலோமீட்டர். ஏசி போட்டு நிதானமா ஓட்டினா யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் கெடைக்குமுங்க, சார்ஜ் பண்றப்ப வீணாப் போறதையும் சேத்தா மாசம் 240 யூனிட், ரெண்டு மாச பில்லுல 480 யூனிட் கூடும். இங்கதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. நம்மூர்ல 500 யூனிட்டைத் தாண்டுனா ஸ்லாப் எகிறிடும், உங்க வீட்டுக்கு ஏற்கனவே 350 வருதுன்னு வச்சுக்குங்க, கார் யூனிட்ல பெரும்பங்கு மேல் ஸ்லாப்புல போய் உக்காரும். சராசரி 9 ரூபா போட்டாலும் 4,320, மாசத்துக்கு 2,160. பெட்ரோலுக்குப் பத்தாயிரம் குடுத்த எடத்துல ரெண்டாயிரத்துச் சொச்சம். அப்ப மிச்சம் 7,840ங்க. ஆனா வெளிய பாஸ்ட் சார்ஜர்லயே பொழப்பை ஓட்டலாம்னு நெனைச்சுடாதீங்க, அங்க யூனிட் 20 ரூபாய்க்கு மேல போகுது, அதுல 18 சதவீத ஜிஎஸ்டி வேற, பாதி மிச்சம் காலி.

இப்ப வெலை வித்தியாசம். அதே சைஸ் பெட்ரோல் வண்டி 10 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழன்னா ரோடு டாக்ஸ் 13 சதவீதம் சேத்து 11.3 ஆகும். எலக்ட்ரிக் 14, டாக்ஸ் இல்ல. வித்தியாசம் 2.7 லட்சம், மூணு வருஷத்துக்குள்ள எடுத்துடலாமுங்க. இதே 2026 ஜனவரில டாக்ஸ் வந்துருச்சுன்னா? 10 லட்சத்துலேருந்து 20 லட்சம் வரைக்கும் 18 சதவீதம், 14க்கு ரெண்டரை லட்சம். அப்ப வித்தியாசம் 5.2 லட்சம், எடுக்க அஞ்சரை வருஷம். உங்க மச்சான் வெவரமான ஆளுதானுங்க.

ஷோரூம்ல "அரசு மானியம்"னு சொன்னா எதுன்னு கேளுங்க. சொந்தக் கார் வாங்கறவருக்கு மத்திய அரசு கையில ஒரு பைசா குடுக்கறதில்ல. 2019ல வந்த பேம்-2ங்கற மத்திய அரசு எலக்ட்ரிக் வண்டி மானியத் திட்டத்துலயே கார் மானியம் வாடகை வண்டிக்குத்தான். அதுக்கப்புறம் 2024ல வந்த பிஎம் இ-டிரைவ் திட்டத்தோட 10,900 கோடில டூ வீலர், ஆட்டோ, பஸ், லாரி, ஆம்புலன்ஸ், சார்ஜிங் ஸ்டேஷன் எல்லாம் இருக்கு, நம்ம கார் இல்ல. லோன் வட்டிக்கு வருமான வரியில 80இஇபி பிரிவுல ஒன்றரை லட்சம் கழிக்கலாம்னு யாராவது சொன்னா அது 2023 மார்ச்சுக்குள்ள லோன் வாங்குனவங்களுக்கு மட்டும், உங்களுக்குக் கெடையாதுங்க. ஆக நமக்கு வர்றது ரெண்டு: ஜிஎஸ்டி 5 சதவீதம், ரோடு டாக்ஸ் தள்ளுபடி. அந்த ஜிஎஸ்டி சலுகையும் 2025 செப்டம்பர் 22லேருந்து இளைச்சுப் போச்சு, சின்ன பெட்ரோல் காருக்கு 29லேருந்து 18க்குக் கொண்டாந்துட்டாங்கள்ல. ஒரு கையில எலக்ட்ரிக் வாங்குங்கறாங்க, இன்னொரு கையில பெட்ரோலைச் சல்லிசாக்கறாங்க.

அப்பாகிட்ட ஒன்னு சொல்லுங்க. அவரு பேப்பர்ல பாத்த கோடி எல்லாம் கம்பெனிக்குத்தான், அதுல ஒளிவுமறைவு இல்ல. பிஎல்ஐன்னு (உற்பத்திக்கு ஏத்த ஊக்கத்தொகை) 2021ல 25,938 கோடி அறிவிச்சாங்க, அது சும்மா தூக்கிக் குடுக்கறதில்ல, உள்நாட்டுல பாதி மதிப்பாவது சேத்திருக்கணும், வித்துக் காட்டணும், அப்புறம்தான் காசு. மாநிலம் தன் பங்கு ஜிஎஸ்டியைத் திருப்பிக் குடுக்குது, மூலதன மானியம் குடுக்குது. நெல்லுக்கு ஏன் இல்லன்னு கேட்டா அதுக்கு எங்கிட்டயும் பதில் இல்லைங்க.


அம்பத்தூர்_லேத்

கணக்கு சார் சொன்னது எல்லாம் கரெக்டு, வாங்குறவன் பக்கத்துலேருந்து. நான் இன்னொரு பக்கம் சொல்றேன். நம்மளது அம்பத்தூர் எஸ்டேட்ல சின்ன யூனிட், அஞ்சு சிஎன்சி (கம்ப்யூட்டர்ல ஓடுற கடைசல் மிஷினு), ரெண்டு பழைய டரெட் லேத், ஆளுங்க பதினாலு பேரு. இருபது வருஷமா அடிக்கிறது வால்வ் கைடு, கியர் பாக்ஸ் புஷ், பியூயல் லைன் கனெக்டர். இதுல எதுனா எலக்ட்ரிக் கார்ல இருக்கா சொல்லுங்க. பிஸ்டன் இல்ல, ரிங் இல்ல, இன்ஜெக்டர் இல்ல, சைலன்சர் இல்ல, கிளட்ச் இல்ல, இன்ஜின் ஆயில் பில்டர் கூட இல்ல. பாடி, அம்பத்தூர், கிண்டி, ஓசூர், கோயமுத்தூர் பவுண்டரி, எல்லாம் சேத்து எத்தன ஆயிரம் யூனிட்டு இந்த ஐட்டத்துல சோறு துன்றான்னு எந்தப் பாலிசிலயாவது ஒரு வரி இருக்கா?

பெரிய கம்பெனிக்கு லேண்டு, கரண்டு, டாக்ஸ் ரிட்டர்ன். அந்தக் கம்பெனிக்குப் பார்ட்ஸ் குடுக்குறவனுக்குக் குடுக்குறவன் நானு, மூணாவது படில நிக்கிறேன். எனக்குப் பேமென்ட் 45 நாள்ல குடுக்கணும்னு சட்டத்துலயே போட்டு வச்சிருக்கான். மேல இருக்குறவன் ஒருத்தன் என்ன பண்ணான் தெரியுமா, பில்லு தேதியே தள்ளிப் போடச் சொன்னான், இல்லன்னா அடுத்த ஆர்டர் இல்லன்னான். நான் என்ன பண்ண, போட்டேன். அவனுக்குச் சலுகை குடுக்குறப்ப "கீழ இருக்குறவனுக்கு டைம்ல காசு குடுத்தியா"ன்னு ஒரு கண்டிஷன் போடறதுக்கு கவர்மெண்டுக்கு ஒரு பைசா செலவாவாது. போட்டானா?

எலக்ட்ரிக் வேணாம்னு சொல்லல. மோட்டார் ஷாப்டு, அலுமினியம் ஹவுசிங்னு மாறலாம், நானும் ஒரு என்கொயரிக்கு சாம்பிள் அடிச்சு அனுப்புனேன், டாலரன்ஸ் பத்து மைக்ரான் கேக்குறான் (அளவு மில்லிமீட்டர்ல நூறுல ஒரு பங்குக்கு மேல பிசகக் கூடாது), அதுக்கு என் மிஷினு பத்தாது, புது மிஷினு அரை கோடிக்கு மேல, பேங்க்ல போனா ஆர்டர் எங்கங்குறான், ஆர்டர் கேட்டா மிஷினு எங்கங்குறான்.


உப்பளத்தான்

அம்பத்தூர் அண்ணாச்சி சொல்லுதது நியாயந்தான், ஆனா எங்க ஊருக் கதையும் கொஞ்சம் கேளுங்க. நான் தூத்துக்குடி. சென்னையச் சுத்தியே எல்லா கார் கம்பெனியும் வந்துச்சு, ஸ்ரீபெரும்புதூரு, ஒரகடம், மறைமலை நகரு. எங்க பயலுவ டிப்ளமோ முடிச்சிட்டு அங்க போயி ஒரு ரூம்ல எட்டு பேரு கெடந்து காண்ட்ராக்ட் வேலை பாத்தானுவ. 2024 பிப்ரவரில வின்பாஸ்டுங்க எலக்ட்ரிக் கார் கம்பெனி சில்லாநத்தம் சிப்காட்ல அடிக்கல் நாட்டினப்ப நான்கூட "வியட்நாம்காரனா, நடக்குத கதையா இது"னு சிரிச்சேன். 2025 ஆகஸ்ட் 4ல பேக்டரி தொறந்துட்டான்வே, பதினேழே மாசம். மொதல்ல வருஷத்துக்கு 50,000 வண்டி, பொறவு ஒன்றரை லட்சம் வரைக்கும் போகலாம்னு சொல்லுதாவ. எங்க தெருப் பய ஒருத்தன் ஓசூர்ல இருந்தவன் திரும்பி வந்து வீட்டுச் சோறு திங்கான். அவங்க அம்மாட்ட போயி சலுகை தப்புனு சொல்லிப் பாருங்க, என்ன கெடைக்கும்னு தெரியும்.

துறைமுகம் பக்கத்துல, ஏத்துமதிக்குத் தோதா இருக்கு, அதான் இங்க வந்தான். சலுகை மட்டும் காரணம் இல்ல.


கோவைக்கணக்கு

உப்பளத்தான் அண்ணா, சந்தோஷமுங்க. ஆனா பதினேழு மாசத்துல தொறந்தது பெருமைன்னா, எத்தனை வருஷம் நிப்பாங்கங்கறதுதான் கேள்வி. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவை மறந்துட்டோமா? ஆயிரக்கணக்கான பொண்ணுங்க வேலை பாத்த எடம், வரிச் சலுகை எல்லாம் வாங்குனாங்க, 2014 நவம்பர்ல பூட்டிட்டுப் போயிட்டாங்க. அதே ஸ்ரீபெரும்புதூர்லதான் ஹூண்டாய் 1998ல சான்ட்ரோவை எறக்குச்சு, இன்னைக்கு கிரெட்டா எலக்ட்ரிக்கும் அங்கயே பண்றாங்க. ரெண்டு பேருக்கும் சலுகைதான். வித்தியாசம் என்னன்னா, ஹூண்டாய் வந்தப்ப அவங்களுக்கு பார்ட்ஸ் குடுக்கற கொரியாக் கம்பெனிங்க கூட்டமா வந்து பக்கத்துலயே எடம் புடிச்சுது, அம்பத்தூர்லயும் வேலை பரவுச்சு, அப்படி வேர் விட்டவங்க கெளம்பறது சுலபமில்ல. நோக்கியா போன் பாகத்தை எங்கருந்து வேணா பெட்டில கொண்டாந்து மாட்டலாம். நான் கேக்கறது, எலக்ட்ரிக் கார் இதுல எந்தப் பக்கமுங்க? பேட்டரிதான் வண்டி வெலையில மூணுல ஒரு பங்கு, அதுக்குள்ள இருக்கற செல்லு பெரும்பாலும் சீனாலேருந்து வருது. நாமளே செல் பண்ணலாம்னு 2021ல 18,100 கோடிக்கு ஒரு பிஎல்ஐ போட்டாங்க, 50 ஜிகாவாட் அவர் (5 கோடி யூனிட் தேக்கற அளவு) இலக்கு, அதுல பெரும்பங்கு இன்னும் காகிதத்துலதான் இருக்கு. 2025 ஏப்ரல்ல சீனாக்காரன் மோட்டாருக்குள்ள போடற மேக்னட் ஏத்துமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் மோட்டார் பண்றவங்க எல்லாம் எப்படித் தவிச்சாங்க பாத்தீங்கல்ல.

இன்னொன்னு, யாரும் மானியம்னு சொல்லாத மானியம் ஒன்னு இருக்குங்க, இறக்குமதி வரி. வெளிநாட்டுக் காரை அப்படியே கொண்டாந்தா பொதுவா 70 சதவீதத்துக்குக் கொறையாம வரி. அந்தச் சுவத்துக்குப் பின்னாடி நின்னுக்கிட்டுத்தான் உள்ளூர் கம்பெனிங்க வெலையை வச்சிருக்காங்க. இது பட்ஜெட்ல தெரியாது, ஒவ்வொரு கார்லயும் நாமதான் கட்டறோம். 2024 மார்ச்சுல அதுல ஒரு ஓட்டை போட்டாங்க, 4,150 கோடி முதலீடு போடறவங்க 35,000 டாலருக்கு மேல இருக்கற எலக்ட்ரிக் காரை 15 சதவீத வரில கொண்டாரலாம்னு. பெரிய வரிசை எதுவும் வந்த மாதிரி தெரியலைங்க.


அடுக்குமாடி_அக்கா

ஸ்கூட்டர் கதை ஒண்ணு சொல்றேன், மானியம் யாருக்குப் போச்சுன்னு புரியும். 2022ல எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினேன். வண்டிக்குத் தனி பில், சார்ஜருக்குத் தனி பில். ஏன்னு கேட்டா "அப்படித்தான் மேடம்". அடுத்த வருஷம் பார்த்தா சார்ஜர் காசு திரும்பி பேங்க்ல விழுது. விசாரிச்சா, வண்டி விலை ஒன்றரை லட்சத்துக்குள்ள இருந்தாதான் பேம்-2 மானியம், அதனால சார்ஜரைத் தனியா கழட்டிக் காட்டிருக்காங்க, அரசு பிடிச்சதும் திருப்பிக் குடுத்தாங்க. நான் மட்டும் இல்ல, நாலு பெரிய கம்பெனி வாடிக்கையாளருக்கும் இதே கதை. வேற சில கம்பெனி உள்நாட்டு பார்ட்ஸ்னு சொல்லி இறக்குமதி பார்ட்ஸ் மாட்டினதுக்கு மானியத்தையே திருப்பிக் கேட்டாங்க. அப்ப கண்காணிச்சா பிடிக்க முடியும்னுதானே அர்த்தம்? மூணு வருஷம் தூங்கிட்டு அப்புறம் பிடிச்சதுதான் பிரச்சினை.

மேலூர் தம்பி, உங்களுக்கு சொந்த வீடு, போர்டிகோ, நீங்க ராஜா. எங்க பிளாட்ல கார் பார்க்கிங்ல ஒரு பிளக் பாயிண்ட் போட அசோசியேஷன் செக்ரட்டரிகிட்ட ஏழு மாசம் நடந்தேன், "நெருப்பு புடிச்சா யார் பொறுப்பு"ன்னு ஒரே பதில். அவரோட டீசல் கார் அதே பார்க்கிங்ல டேங்க் ஃபுல்லா நிக்குது.


வடதுருவத்தான்

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப முப்பது வருசமா ஒஸ்லோவில இருக்கிறன். இஞ்ச 2024ல வித்த புதுக் கார்களில நூற்றுக்கு 89 எலக்ட்ரிக். எல்லாரும் எங்களைத்தான் உதாரணம் காட்டுகினம், அதால ரெண்டு விசயம் சொல்லோணும்.

முதல் விசயம், நோர்வே அரசாங்கம் கார் கொம்பனிக்குக் காசு குடுக்கேல்ல. குடுக்கிறதுக்கு இஞ்ச கொம்பனியே இல்லை. திங் எண்டு ஒரு சின்னக் கார் செய்தவங்கள், அதுவும் 2011ல வங்குரோத்து. அரசாங்கம் செய்தது என்னெண்டால், பெட்ரோல் காருக்கு நெஞ்சு வெடிக்கிற வரி, எலக்ட்ரிக்குக்கு 2001ல இருந்து கன காலம் 25 சதவீத வாற் வரி (உங்கட ஜிஎஸ்டி மாதிரி) இல்லை, பதிவு வரியும் இல்லை, ரோட்டுச் சுங்கம் கன காலம் இலவசம், பஸ் ஓடுற லேனில ஓடவும் விட்டினம். அப்பிடிப் பாத்தால் வாங்கிற ஆளுக்குத்தான் சலுகை, எந்த நாட்டுக் கொம்பனி நல்லதாச் செய்யுதோ அது விக்கட்டும். இது உங்கட ஊரில நடக்கிறதுக்கு நேர் எதிர்.

ரெண்டாவது, இதுக்கான காசு எங்கயிருந்து வந்தது? வட கடல் எண்ணெய். எண்ணெயை மற்ற நாட்டுக்கு வித்துப்போட்டு நாங்கள் கரண்ட்டில ஓடுறம், அந்தக் கரண்ட்டும் பெரும்பாலும் நீர்வீழ்ச்சியில. வசதியான ஆக்கள்தான் முதல்ல வாங்கினவை, வீட்டில ரெண்டாவது காரா. பஸ்ஸில போன ஆக்களும் காருக்கு மாறீட்டினம் எண்டு இஞ்சயும் முறைப்பாடு இருக்கு. அதால 2023ல இருந்து ஐஞ்சு லட்சம் குரோனருக்கு மேல உள்ள பங்குக்கு வரி போட்டிட்டினம், சுங்கமும் வந்திட்டுது. சலுகையைத் துவங்கிறது சுகம், நிப்பாட்டிறதுதான் கஸ்டம், இவை கொஞ்சம் கொஞ்சமா நிப்பாட்டினதால ஆக்கள் கத்தேல்ல. அமெரிக்காவில ஒரே நாளில, 2025 செப்டம்பர் 30ஓட 7,500 டொலர் சலுகையை வெட்டிவிட்டினம், கடைசி மாசம் கடையில அடிபிடி.

குளிர்காலத்தில வண்டி ஓடுற தூரம் நாலில ஒண்டு குறையும். மதுரையில அந்தக் கவலை உங்களுக்கு இல்லை.


அம்பத்தூர்_லேத்

ஒஸ்லோ அண்ணே, மன்னிச்சுக்கங்க, உங்க ஊர்ல கார் பேக்டரி இல்ல, அதனால வாங்குறவனுக்கு மட்டும் குடுத்தா போதும். இங்க பதினாலு பேரு என் ஷட்டரைப் பாத்து உக்காந்திருக்கான். வாங்குறவனுக்குக் குடுத்த காசு பூரா சீனா செல்லுக்குப் போச்சுன்னா நமக்கு என்ன மிச்சம்? கம்பெனிக்குக் குடுக்கக் கூடாதுன்னு நான் சொல்லவே இல்ல. எவனுக்கு, எதுக்கு, எத்தன நாளைக்குன்னு எழுதிக் குடுங்கறேன்.

இன்னொரு தமாசு. 2021 செப்டம்பர்ல அமெரிக்காக்காரன் போர்டு (Ford) கார் கம்பெனி இந்தியாவ விட்டுப் போறேன்னு சொன்னப்ப இதே எஸ்டேட்ல எத்தன யூனிட்டு ஷிப்டு கட் பண்ணான் தெரியுமா. மறைமலை நகர் பேக்டரி மூடி மூணு வருஷம் சும்மா கெடந்துச்சு. 2025 அக்டோபர் 31ல திரும்ப வரேன்னு கையெழுத்து, 3,250 கோடி, என்னா பண்ணப் போறான்னு பாத்தா வருஷத்துக்கு 2,35,000 இன்ஜின், 2029லேருந்து. இன்ஜினு! எல்லாரும் இன்ஜின் செத்துப் போச்சுன்னு எனக்குச் சங்கு ஊதிட்டு இருக்கான், அமெரிக்காக்காரன் வந்து இங்க இன்ஜின் அடிக்கப் போறான். நான் வால்வ் கைடு மிஷினை விக்கட்டுமா வச்சுக்கட்டுமா, இதுக்கு எவனாவது கணக்கு போட்டுச் சொல்லுங்க பாப்போம்.


கோவைக்கணக்கு

வச்சுக்குங்கண்ணா. ஆனா புது மிஷினுக்கும் பேசிட்டே இருங்க.

நீங்க சொன்ன "எத்தன நாளைக்குன்னு எழுதிக் குடு" பத்தி ஒரு பழைய சங்கதி. 2009ல ஜெனரல் மோட்டார்ஸ் திவாலானப்ப அமெரிக்க அரசு சுமார் 50 பில்லியன் டாலர் எறக்குச்சு, பங்கா வாங்கிட்டுக் கடைசில வித்துட்டு வெளிய வந்தப்ப 10 பில்லியனுக்கு மேல நட்டம். அடுத்த வருஷமே டெஸ்லாவுக்கு 465 மில்லியன் கடனாக் குடுத்தாங்க, 2013ல வட்டியோட திருப்பிக் கட்டிட்டாங்க, கெடுவுக்கு ஒம்பது வருஷம் முன்னாடியே. இதைக் கேட்டா ஜிஎம்முக்குக் குடுத்தது தப்பு, டெஸ்லாவுக்குக் குடுத்தது சரின்னு தோணுமுங்க. ஆனா ஜிஎம் விழுந்திருந்தா பார்ட்ஸ் குடுத்தவன் எத்தனை பேரு கூட விழுந்திருப்பான்? உங்கள மாதிரி மூணாவது படில நின்னவன்தான் மொதல்ல போயிருப்பான். அதே நேரம் டெஸ்லாவுக்கு அவ்வளவு சல்லிசாக் கடன் குடுத்துட்டு அரசுக்குக் கெடைச்சது வெறும் வட்டி, கம்பெனி அப்புறம் எங்க போச்சுன்னு ஊருக்கே தெரியும். ரெண்டுலயும் எனக்கு இன்னைக்கு வரைக்கும் மனசு ஒரு பக்கமா நிக்கலைங்க.


மலைப்பாதை_டாக்ஸி

பெரிய மனுசங்க பேச்சுக்கு நடுவுல பூந்துக்கறேன். நான் எலக்ட்ரிக் டாக்ஸி ஓட்டறவன், கோயமுத்தூர் ஏர்போர்ட் டு ஊட்டி. பேம்-2ல மானியம் வாங்குன வண்டி, அது இல்லாட்டி நான் எடுத்திருக்கவே முடியாது, சும்மா சொல்லக் கூடாது. ரெண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிருச்சு.

மேட்டுப்பாளையம் தாண்டி ஏத்தம் ஆரம்பிச்சா பேட்டரி சர்ருனு எறங்கும், நாலு பேரு லக்கேஜோட போனா 15 யூனிட்டுக்கு மேல மலையிலயே காலி. எறங்கும்போது பிரேக்கே மிதிக்காம வந்தா நாலஞ்சு யூனிட் திரும்ப ஏறும், பிரேக் பேடு நான் இது வரைக்கும் ஒரே ஒரு தடவைதான் மாத்தினேன். டீசல் வண்டிக்காரன் இதைக் கேட்டா அழுவான்.

ஆனா சார்ஜிங் ஸ்டேஷன் இருக்கு பாருங்க, அதைப் பத்தி மட்டும் கேக்காதீங்க. ஆப்ல பச்சையாக் காட்டும், போனா வண்டில சொருகற சார்ஜிங் கன் ஒடைஞ்சு தொங்கும். ஒன்னு வேலை செய்யும், அதுல பெட்ரோல் கார் ஒன்னு குறுக்க நிப்பாட்டிட்டு ஓனர் டிபன் சாப்பிடப் போயிருப்பாரு. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு ஆப், ஒவ்வொரு ஆப்லயும் முன்கூட்டியே காசு போடணும், என் காசு ஆறு ஆப்ல ஆறு எடத்துல முடங்கிக் கெடக்குது. புதுசா ஸ்டேஷன் தொறக்க ரெண்டாயிரம் கோடி ஒதுக்கிருக்காங்களாம், சந்தோஷம். தொறந்தது ஓடுதான்னு பாக்க யாருக்குங்க காசு ஒதுக்குனாங்க?

மேலூர் அண்ணா, தினமும் 60தான் ஓட்டம்னா உங்களுக்கு இந்தத் தொல்லை வருஷத்துல மூணு நாள்தான். கண்ணை மூடிட்டு எடுங்க. எல்எப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரியா பாத்து எடுங்க, நம்ம வெயிலுக்கு அதுதான் தாங்கும். வாரண்டி எட்டு வருஷம் 1.6 லட்சம் கிலோமீட்டர் எழுத்துல வாங்கிக்குங்க. முக்கியமா எர்த் செக் பண்ணுங்க, எர்த் சரியில்லைன்னா சார்ஜர் ஏத்தவே மாட்டேன்னு நிக்கும், என் பிரண்டு ஒருத்தன் வண்டில கோளாறுன்னு மூணு வாரம் சர்வீஸ் சென்டருக்கு அலைஞ்சான், கடைசில பாத்தா வீட்டு எர்த்து.


மேலூர்க்காரன்

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு நாளா பதில் போட முடியல, இங்க வீட்டுல ஒரு கூத்து.

இந்த த்ரெட் முழுசையும் அப்பாவுக்கு வாசிச்சுக் காமிச்சேன். கோவை சார் கணக்கைக் கேட்டு "ம்"னாரு. நோக்கியாவுக்கு "நான் அப்பவே சொன்னேன்"னாரு, எப்பச் சொன்னாருனு எனக்குத் தெரியாது. தூத்துக்குடிப் பையன் வீட்டுச் சோறு கதைக்குப் பேசாம இருந்தாரு. அம்பத்தூர் அண்ணன் பில்லு தேதி தள்ளிப் போட்ட கதைக்குத்தான் எழுந்து உக்காந்தாரு, "அந்த லேத்துக்காரருக்குக் குடுக்கச் சொல்லுடா மொதல்ல, அதுக்கு நான் வரி கட்டுறேன்"னாரு. நெல்லு விஷயத்துல மட்டும் இன்னும் எறங்கி வரல, அது அவருக்கும் எனக்கும் தனிச் சண்டை. நிலக்கரி கரண்டுதானே, புகை எங்க விட்டா என்னனு ஒரு கேள்வி போட்டேன் அவர்கிட்ட, மின்வாரிய ஆளாச்சே. "நெய்வேலி மட்டுமாடா கரண்டு, ஆரல்வாய்மொழிக் காத்தாடி ஆனி ஆடியில சுத்துனா நாங்க வாங்கி வைக்க எடமில்லாம தவிப்போம், கூடங்குளம் ராத்திரியும் ஓடும், ராத்திரி போடு வண்டிய"னு எனக்கே வகுப்பெடுத்தாரு. வேணாம்னு சொன்னவரு எப்ப கட்சி மாறுனாருனு அம்மா கேட்டதுக்கு முறைச்சாரு.

அதுக்கப்புறம்தான் டாக்ஸி அண்ணன் சொன்ன எர்த் விஷயம். அதை வாசிச்சதும் மனுசன் பழைய பெட்டியத் தொறந்து டெஸ்டரைத் தூக்கிட்டு மீட்டர் பக்கம் போயிட்டாரு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல 11 வோல்ட் காட்டுது. முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் எர்த் போட்டவரு வீட்டுல எர்த்து இப்படி. ஒரு மணி நேரம் யார்கிட்டயும் பேசல. இன்னைக்குக் காலைல ரெண்டு ஆள் வந்து போர்டிகோ ஓரமா குழி தோண்டிட்டு இருக்காங்க, கரி மூட்டை வந்தாச்சு, உப்புக்குச் சொல்லிருக்காரு. காரு இன்னும் புக் பண்ணல.


உப்பளத்தான்

அய்யாவுக்கு வணக்கம் சொல்லுங்க. உப்பு எத்தன மூட வேணும்னு கேட்டுச் சொல்லுங்க தம்பி, கல்லுப்பாவே அனுப்புதேன், பொடி உப்பு குழிக்கு ஆவாது.


அம்பத்தூர்_லேத்

எர்த் பைப்புக்கு கிளாம்பு நான் அடிச்சு அனுப்புறேன். அதுக்கு பத்து மைக்ரான் டாலரன்ஸ் கேக்க மாட்டாரே உங்கப்பா?